எழுபதைக் காப்பாற்றும் திட்டம்

ஒஸ்லோவின் வடகிழக்கு விளிம்பில், ரொம்சோஸ் மாடிக்குடியிருப்புகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், 2006ஆம் ஆண்டு மே மாதம் ஒரு பச்சைப் பெட்டி நடப்பட்டது. பெட்டிக்குள் அட்டைகள் இருந்தன. பெட்டிக்கு மேலே ஓர் அறிவிப்பு இருந்தது. "காட்டு விலங்கைக் கண்டீர்களா? எழுதிப் போடுங்கள். ஒவ்வொரு காட்சியும் ஓர் உயிரைக் காப்பாற்றும். இப்படிக்கு, வடவிளிம்பு வனவிலங்கு நேசர் பேரவை."

பேரவையில் நூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள். நூற்றுப் பதினான்கு பேரிடமும் துப்பாக்கி இருந்தது. அதையும் எழுத அறிவிப்பில் இடம் போதாமல் போயிருக்கலாம்.

பெட்டியை முதலில் கண்டவர் தில்லைநாதன். வயது ஐம்பத்திரண்டு. அதிகாலையில் வீடு வீடாகப் பத்திரிகை போடுவது அவர் வேலை. கோடைகாலத்தில் ஒஸ்லோவில் காலை ஐந்து மணிக்கே நடுப்பகல் வெளிச்சம் வந்துவிடும். கடைசிக் கட்டடத்துக்கும் போட்டு முடித்துவிட்டு, பத்திரிகை வண்டிலைக் காட்டோரம் நிறுத்தி, போத்தலில் கொண்டுவந்த தேநீரைக் குடிப்பது அவருடைய வழக்கம். அந்த நேரத்தில்தான் அது வரும்.

எல்க் என்பது குதிரையைவிட உயர்ந்து நிற்கிற ஒரு மான். முதல் நாள் கண்டபோது தில்லைநாதன் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு வண்டிலுக்குப் பின்னால் ஒளிந்தார். ஐந்தாம் நாள் ஒளியவில்லை. பத்தாம் நாள் கதைக்கத் தொடங்கிவிட்டார். அது பெண் எல்க். இடது காது பாதி கிழிந்திருந்தது. பின்னாலேயே செம்மண் நிறத்தில் ஒரு கன்று, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு வரும்.

"என்ன பிள்ளை, சாப்பிட்டாச்சோ? சின்னவன் எங்கை?" என்று கேட்பார். எல்க் காதைத் திருப்பும். பிறகு தன்பாட்டில் இலை தின்னும். பகலில் அவரிடம் இப்படிப் பதறாமல் நின்று கேட்பவர்கள் குறைவு என்பதால் அந்தக் கால் மணித்தியாலம் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இனி, அவர் செய்த பிழையைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் தில்லைநாதனுக்குக் கிடைத்த அத்தனையும் படிவம் நிரப்பிக் கிடைத்தவை. அகதியாக வந்திறங்கிய அன்று ஒரு படிவம். தங்குவதற்கு ஒரு படிவம், வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மனைவி கமலாதேவியைக் கூப்பிடும் படிவத்தில் பிறந்த திகதியை ஒருநாள் தள்ளிப் போட்டதால், அந்த மனுசி பதினாலு மாதம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து தில்லைநாதன் முன்னால் வைக்கப்பட்ட எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் விட்டதில்லை, பொய் எழுதியதுமில்லை, ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதுமில்லை.

ஆகவே எல்க்கைக் கண்ட ஒவ்வொரு நாளும் அட்டை எடுத்தார். திகதி. இடம். எல்க், பெண், ஒன்று. எல்க், கன்று, ஒன்று. அடையாளம்: பெண்ணின் இடது காது கிழிந்தது. அட்டையில் "நேற்று வந்த அதே எல்க்" என்று எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் அதையும் நிரப்பியிருப்பார். இருக்கவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் நாற்பத்தொரு அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டிருந்தார்.

செப்டெம்பரில் ஒரு கடிதம் வந்தது. "இந்த ஆண்டின் சிறந்த கண்கள்" என்ற விருதுக்கு அவரைப் பேரவை தெரிவு செய்திருந்தது. குடும்பத்தோடு வரவும்.

கமலாதேவி கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையை எடுத்து உடுத்தினார். பேரவையின் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாலு சுவரிலும் தலைகள். எல்க் தலை, மான் தலை, கரடித் தலை, கண்ணாடிக் கண் வைத்த ஓர் ஓநாய்த் தலை. மொத்தம் முப்பத்தொன்று.

"இதென்னப்பா, செத்தவீட்டுக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று காதுக்குள் கேட்டார்.

"சத்தம் போடாதை. விருது தரப்போகினம்."

"எல்லாம் எங்களைத்தான் பாக்குதுகள். எனக்குத் தண்ணியும் இறங்காது."

பேரவைத் தலைவர் தூர்பியோர்ன் ஹெல்லெருட் மேடைக்கு வந்தார். அகன்ற தோள்கள், நரைத்த தாடி, நெஞ்சில் வெள்ளி எல்க் பதக்கம். குரல் நடுங்கிற அளவுக்கு அவருக்கு விலங்குகளில் அன்பு.

"நண்பர்களே, நகரத்து ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள், ஹெல்லெருட், நீ ஏன் சுடுகிறாய் என்று. நான் சொல்கிறேன், நேசிப்பதால். நகரத்து ஆள் விலங்கைப் பார்ப்பான், படம் எடுப்பான், போய்விடுவான். நாங்கள் அப்படி இல்லை. நாங்கள் கடைசிவரை அதனோடு இருக்கிறோம். அதன் கடைசி மூச்சில் பக்கத்தில் நிற்பவன் யார்? வேட்டைக்காரன். இந்தச் சுவரைப் பாருங்கள். இதில் நான் நேசிக்காத ஒரு தலை இருக்கிறதா?"

மண்டபம் கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"போன வருடம் எங்கள் காட்டில் நாங்கள் கண்ட எல்க் ஒன்பது. இந்த வருடம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நண்பரின் கூரிய கண்களால், எண்பத்திரண்டு! காடு தாங்குவது பன்னிரண்டைத்தான். மிச்சம் எழுபதும் பனிக்காலத்தில் பசியால் சாகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு மனம் வருமா? வராது. ஆகவே 'எழுபதைக் காப்பாற்றுவோம்' என்ற திட்டத்தை இன்று தொடங்குகிறோம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தில்லைநாதனும் தட்டினார். தன்னால் எழுபது உயிர் பிழைக்கப்போகிறது என்று அவருக்கு உடம்பு புல்லரித்தது. பக்கத்துக் கதிரைக்காரரிடம், வைக்கோல் போடுவீர்களா அல்லது வேறு காட்டுக்குக் கொண்டுபோய் விடுவீர்களா என்று நோர்வேஜிய மொழியில் ஆவலோடு விசாரித்தார். பக்கத்துக் கதிரைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணை மூடி, சுட்டுவிரலை மடக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் தில்லைநாதனின் தலைக்குள் கணக்கு ஓடியது. நாற்பத்தொரு நாள். நாளுக்கு இரண்டு. எண்பத்திரண்டு. மேடையில் அவர் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள், தலையில் பச்சைத் தொப்பி ஒன்றை வைத்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருக்கும். உண்மையில் சொல்லத்தான் வந்தார். பாண்ட் வாத்தியத்தில் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டை இருவரும் தொடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கமலாதேவி பேருந்தில் கேட்டார்:

"நாங்களும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி தின்னுறனாங்கள்தானே. பிறகு என்னெண்டு இவையைக் குறை சொல்லுறது?"

தில்லைநாதன் நெடுநேரம் யோசித்தார். "குறோன்லாண்ட் இறைச்சிக்கடையிலை ஆடு வெட்டுறவர், நான் ஆட்டைக் காப்பாத்துறன் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கைதட்டு எண்டும் கேட்டதில்லை. ஒண்டரைக் கிலோவோ ரெண்டு கிலோவோ எண்டு மட்டும்தான் கேட்டவர்."

மறுநாளே பேரவை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் ஊன்னி, கண்ணாடி அணிந்த நல்ல பெண்மணி. கோப்பி ஊற்றிக் கொடுத்தார், பிஸ்கற்றும் வைத்தார். நோர்வேயில் கெட்ட செய்தி எப்போதும் நல்ல கோப்பியோடுதான் வரும்.

"நான் கண்டது இரண்டே இரண்டு எல்க். ஒவ்வொரு நாளும் அதே இரண்டு" என்றார் தில்லைநாதன்.

"நீ வந்து சொன்னது மிக நல்ல விஷயம். திறந்த மனம்" என்றார் ஊன்னி. அந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. "ஆனால் பதிவேட்டில் ஏறிய விலங்கை எடுப்பதற்கு மூன்று வழிதான் இருக்கிறது. சுடப்பட்டது. வாகனத்தில் அடிபட்டது. முதுமையில் இறந்தது. மூன்றுக்கும் கீழ்த்தாடை எலும்பைக் கொண்டுவந்து காட்டவேண்டும். உன்னிடம் எண்பது தாடை இருக்கிறதா?"

"இல்லாத மிருகத்துக்குத் தாடை எப்படி இருக்கும்?"

"அதுதான் சிக்கல்" என்று ஊன்னி உண்மையாகவே வருந்தினார். "தாடை இல்லையென்றால் அவை உயிரோடு இருப்பதாகத்தான் அர்த்தம்."

தில்லைநாதன் விடவில்லை. தன் அட்டைகளை எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் 'இடது காது கிழிந்தது' என்று எழுதியிருப்பதைக் காட்டினார். ஒரே காது, ஒரே கிழிசல், ஆகவே ஒரே எல்க். இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் நிறுவமுடியாது என்று நினைத்தார். ஊன்னி கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளிறியது. உடனே தொலைபேசியை எடுத்து, பேரவையின் உயிரியல் ஆலோசகர் டொக்டர் ப்ரெக்கேயைக் கூப்பிட்டார்.

டொக்டர் ப்ரெக்கே மெலிந்த மனிதர். எதையும் சொல்லமுன் ஹெல்லெருட்டின் முகத்தைப் பார்ப்பார். அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

"நாற்பத்தொரு பெண் எல்க். நாற்பத்தொன்றுக்கும் இடது காது கிழிந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு வீதம். என் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு தொற்றைக் கண்டதில்லை."

"தொற்று இல்லை, அது ஒரே..." என்று தில்லைநாதன் தொடங்கினார்.

"பரவும் வேகத்தைப் பார். மே மாதம் ஒன்று. ஓகஸ்டில் நாற்பத்தொன்று."

அடுத்த வாரம் நோய்க்கு 'கிழிகாது நோய்' என்று பெயர் வைக்கப்பட்டது. காட்டோரப் பாதையில் மஞ்சள் நாடா கட்டினார்கள். ரொம்சோஸ் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் காட்டுக்குள் போகக்கூடாது என்று அறிவித்தார்கள். திட்டத்தின் பெயரோடு 'அவசர' என்ற சொல்லும் சேர்ந்தது. அனுமதிப் பட்டியல் ஒரே நாளில் நிரம்பியது. ஸ்தவாங்கரிலிருந்துகூட இரண்டு எண்ணெய்க் கம்பனி முகாமையாளர்கள் விமானத்தில் வந்து உயிர் காக்கத் தயாராக இருந்தார்கள்.

தில்லைநாதன் நீளமான கடிதம் ஒன்று எழுதினார். நான் பிழை விட்டேன், எல்க் இரண்டுதான், நோயும் இல்லை, காது வேலிக் கம்பியில் கிழிந்திருக்கும், தயவுசெய்து அவற்றை விட்டுவிடுங்கள். பதிலாகப் பேரவை அவருக்கு ஓர் ஆலோசகரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தது. இலவசம். அறையில் ஒரு மெழுகுதிரியும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் இருந்தன. ஆலோசகர் மிக மென்மையாகப் பேசினார்.

"உன் நாட்டில் போர் நடந்தது. நிறையச் சாவைக் கண்டாய். அதனால் இப்போது காட்டில் நடக்கப்போவதை உன் மனம் ஏற்க மறுக்கிறது. எண்பத்திரண்டை இரண்டாகச் சுருக்குகிறது. இது ஒரு தற்காப்பு."

"நான் கண்டது இரண்டு."

"எண்பது என்ற எண் உனக்குள் எதை எழுப்புகிறது?"

ஊரில், கொடிகாமத்துச் சந்தியில் ஒருநாள் தில்லைநாதன் கிடந்த உடல்களை எண்ண நேர்ந்தது உண்டு. எண்ணி முடித்துவிட்டு அந்த எண்ணை யாருக்கும் சொல்லாமல் பதினெட்டு வருடமாக வைத்திருந்தார். இந்த மனிதர் அதற்குள்ளும் கையை விட்டு, எல்க் சுடுவதற்குத் தோதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். தில்லைநாதன் எழுந்து வெளியே வந்தார். அறிக்கையில் 'ஒத்துழைப்புக் குறைவு, ஆனால் முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதப்பட்டது.

இனிக் கடிதத்தால் ஆகாது என்று விளங்கிவிட்டது. எல்க்கையே துரத்திவிடவேண்டியதுதான். வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அடுத்த நகரசபையின் காடு. அங்கே இந்தப் பேரவைக்கு அதிகாரம் இல்லை. ஒக்டோபரில் ஒரு காலை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கணவனும் மனைவியும் காட்டோரம் போனார்கள். தில்லைநாதன் கையில் சோற்றுப் பானையும் அகப்பையும். கமலாதேவி கையில் இரண்டு எவர்சில்வர் தட்டு.

எல்க் ரோங்ன் மரத்தடியில் நின்றது. கொத்துக் கொத்தாகச் சிவந்த பழம் காய்க்கிற மரம். அதன் இலையும் பழமும் என்றால் அதற்கு உயிர். கன்று இப்போது நன்றாக வளர்ந்து, தாயின் வயிற்றளவுக்கு நின்றது.

தில்லைநாதன் பானையில் அடித்தார். "போ பிள்ளை! போ! இஞ்சை நிக்காதை!"

எல்க் நிமிர்ந்து பார்த்தது. தெரிந்த ஆள். நாற்பத்தொரு நாளும் தேநீர் குடித்தவர். அது இரண்டடி கிட்ட வந்தது.

"ஏனப்பா, இது கிட்டவெல்லோ வருது!" என்று கமலாதேவி தட்டை விட்டுவிட்டு அலறினார்.

"தட்டை அடியும்! விடாதையும்!"

"நீங்கள் ஏன் அதோடை கதைக்கிறியள்? கதைச்சுப் பழக்கி வைச்சிருக்கிறியள், இப்ப போ போ எண்டால் அது போகுமோ? உங்கடை குரலுக்குத்தான் அது நிக்குது."

மனுசி சொன்னது உண்மை. தில்லைநாதன் பானையை நிலத்தில் வைத்தார். எல்க் மறுபடியும் இலை தின்னத் தொடங்கியது. கட்டடத்து மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர், சனி ஞாயிறில் சத்தம் போடக்கூடாது என்ற குடியிருப்பு விதியைச் சொல்லிக் கத்தினார். அன்று வியாழக்கிழமை.

அடுத்த இரண்டு நாளும் அவர் வாயே திறக்காமல் கல்லெறிந்து பார்த்தார். ஒன்றும் படவில்லை. பட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தள்ளித் தள்ளி எறிந்தால் எப்படிப் படும்?

அடுத்த வாரம், வேட்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹெல்லெருட்டே தொலைபேசியில் அழைத்தார். விலங்குகளைக் காட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட்டுவதற்குச் சத்தம் போட்டுக்கொண்டு நடக்க ஆள் தேவை. எல்க் நிற்கும் இடம் தெரிந்தவர் தில்லைநாதன்தான். வருவாரா?

"நீங்கள் போறியளோ?" என்று கமலாதேவி திகைத்தார்.

"நான்தான் முதல் ஆளா உள்ளுக்கு நடக்கப்போறன். மற்றவை வெளிக்கிட முதல் போய், ரெண்டையும் வடக்குப் பக்கம் திருப்பிவிட்டிட்டால் காணும். அரை மணித்தியாலம் கிடைச்சால் காணும் எனக்கு."

"அவங்கள் உங்களைச் சுட்டாலும் சுடுவாங்கள். பிறகு உங்களையும் காப்பாத்தினம் எண்டு எழுதுவாங்கள்."

சனிக்கிழமை காலை காட்டோரத்தில் பெரிய நெருப்பு மூட்டியிருந்தார்கள். பத்தொன்பது பேர். செம்மஞ்சள் தொப்பி, தோளில் துப்பாக்கி, கையில் தடியில் குத்திச் சுட்ட சொசேஜ். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஹெல்லெருட் ஒரு மரக்குற்றியில் ஏறினார்.

"இன்று நாங்கள் வேட்டையாட வரவில்லை. பராமரிக்க வந்திருக்கிறோம். எங்கள் ஒழுக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் கன்று, பிறகுதான் தாய். ஏன்? தாயை முதலில் சுட்டால் கன்று அநாதையாகிவிடும். ஒரு குழந்தையை அநாதையாக்கும் கல்நெஞ்சம் எங்களில் எவருக்கும் இல்லை!"

"இல்லை!" என்றார்கள் பத்தொன்பது பேரும், வாயில் சொசேஜோடு.

தில்லைநாதனுக்குச் செம்மஞ்சள் மேலங்கி மாட்டினார்கள். தெற்கிலிருந்து நேராக நடக்கவேண்டும், சத்தம் போடவேண்டும் என்றார்கள். வேட்டைக்காரர்கள் வடக்கே வரிசையாக நிற்பார்கள். தில்லைநாதன் துரத்த நினைத்த பக்கமும் அதுதான். உடனே திட்டத்தை மாற்றினார். கிழக்கே திருப்பவேண்டும். ரோங்ன் மரத்துக்கு மேற்குப் பக்கமாகச் சுற்றிப்போய், அங்கிருந்து கிழக்கே விரட்டவேண்டும். கத்தாமல் போகவேண்டும்.

கத்தாமல்தான் போனார். குறுக்கு வழியில் ஓடினார். மூச்சு இரைத்தது, முள் கிழித்தது. ரோங்ன் மரத்தடியில் எல்க் இல்லை. சுற்றிலும் பார்த்தார். வடக்கே, எண்பது மீற்றர் தள்ளி, இரண்டும் அமைதியாக நடந்து போய்க்கொண்டிருந்தன, துப்பாக்கி வரிசையை நோக்கி. அதற்கு மேல் அவரால் வாயை அடக்கமுடியவில்லை.

"அங்கை போகாதை! ஐயோ பிள்ளை, அங்கை போகாதை! ஓடு, கிழக்காலை ஓடு!"

எல்க் நின்றது. கிழிந்த காதைத் திருப்பியது. பழக்கமான குரல். வடக்கே போன தாய் திரும்பி, அவரை நோக்கி, மரங்களை விட்டு வெட்டவெளிக்கு வந்தது. கன்றும் கூடவே வந்தது. மரத்துக்குள் நின்றிருந்தால் எவனாலும் குறி பார்த்திருக்க முடியாது.

முதல் வெடியில் கன்று முன்னங்காலை மடித்து விழுந்தது. ஒழுக்கம் தவறவில்லை. தாய் பத்துப் பாய்ச்சல் ஓடியது. பிறகு கன்று கூட வரவில்லை என்று கண்டு திரும்பி வந்து, மூக்கால் அதைத் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்த்தது. ஸ்தவாங்கர் முகாமையாளர்களில் ஒருவர் சுட்டார். வயிற்றில் பட்டது. அது போகவில்லை. இன்னொருவர் சுட்டார். முதுகில் பட்டது. அப்போதும் நின்றது. நான்காவது வெடிக்குத்தான் கன்றுக்குப் பக்கத்தில் சாய்ந்தது. தில்லைநாதன் இருபது அடி தள்ளி, செம்மஞ்சள் மேலங்கியோடு, இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். தன் குரலை நினைக்க அவருக்கே வெறுப்பாக இருந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். முகாமையாளரைக் கட்டிப்பிடித்தார்கள். பதினொரு வருடம் காத்திருந்த முதல் எல்க் என்று அவர் அழுதார். கொம்பு இல்லாத தலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருவன் கன்றின் முதுகில் கோப்பிக் குவளையை வைத்துவிட்டுக் கையுறை கழற்றினான். குவளை சாயாமல் நின்றது. வயிற்றைக் கிழித்தபோது ஆவி பறந்தது. பாதி அரைபட்ட சிவப்புப் பழங்கள் குடலோடு சேர்ந்து பாசியில் கொட்டின. அதன் மேல் மிதித்துக்கொண்டு நின்றுதான் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினார்கள்.

"காது?" என்று ஹெல்லெருட் கேட்டார்.

டொக்டர் ப்ரெக்கே குனிந்து பார்த்தார். "பழைய காயம். வேலிக் கம்பியாக இருக்கலாம்." தலைவரின் முகத்தைப் பார்த்தார். "அல்லது நோயிலிருந்து குணமாகியிருக்கலாம்."

மாலை மூன்று மணிவரை காடு முழுக்கத் தேடினார்கள். நாய்கள் தேடின. வேறு எல்க் இல்லை. சாணமும் இல்லை. அந்த நேரம் முழுக்கத் தில்லைநாதன் இரண்டு உடல்களுக்கும் பக்கத்தில் குந்தியிருந்தார். யாரோ அவருக்கும் சொசேஜ் நீட்டினார்கள். பேரவை மறுபடியும் நெருப்பைச் சுற்றிக் கூடியது. ஹெல்லெருட் மரக்குற்றியில் ஏறினார். சிறிதும் கலங்கவில்லை.

"இரண்டைக் காப்பாற்றிவிட்டோம். மிச்சம் அறுபத்தெட்டு எங்கே? ஒளிந்திருக்கின்றன! எங்கள் பராமரிப்பு எவ்வளவு நல்லது என்றால், எங்களிடமிருந்தே தப்பிக்கும் அளவுக்கு அவை ஆரோக்கியமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டும் வருவோம்!"

கைதட்டு ஓய்ந்ததும் தொப்பிகளைக் கழற்றினார்கள். கடைசி மரியாதைக்கு நேரம். சுடப்பட்ட விலங்கின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்பார்கள், அதன் கடைசி உணவாக. நூறு வருடத்து வழக்கம் என்றார் ஹெல்லெருட். காடு தன் பிள்ளைக்கு ஊட்டும் கடைசிக் கவளம் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. கிறிஸ்மஸுக்கு வைக்கிற ஊசியிலை நத்தார் மரத்துச் சிறு கிளை ஒன்றை ஒடித்துத் தாயின் வாயில் தானே செருகினார். இன்னொன்றை ஒடித்துத் தில்லைநாதனிடம் நீட்டினார்.

"கன்றுக்கு நீ வை. நீதானே அதை முதலில் கண்டவன்."

தில்லைநாதன் கிளையை வாங்கவில்லை. "இது இந்த இலை தின்னாது" என்றார்.

"என்ன?"

"நாற்பத்தொரு நாள் பார்த்தேன். ரோங்ன் தின்னும். வேறு மரங்களின் இளந்தளிர் தின்னும். புல்லுக்குக்கூடச் சிலநேரம் குனியும். இந்த மரத்தை ஒருநாளும் தொட்டதில்லை. மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்."

நெருப்பு வெடித்துச் சத்தம் கேட்டது. பத்தொன்பது பேரும் டொக்டர் ப்ரெக்கேயைப் பார்த்தார்கள். ப்ரெக்கே முதன்முறையாகத் தலைவரைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"அது... உண்மைதான். எல்க் இதைத் தின்பதில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் தவிர."

"நூறு வருடமாக வைக்கிறோமே!" என்றார் ஒருவர்.

"வைக்கிறோம்தான்" என்றார் ப்ரெக்கே.

ஹெல்லெருட் கோபப்படவில்லை. பெரிய மனிதர் அல்லவா. தில்லைநாதனின் தோளில் கையை வைத்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நண்பனே, நீ விளங்கிக்கொள்ளவில்லை. இது அதனுடைய பசிக்காக இல்லை. மரியாதை எங்களுடையது. வாய் மட்டும்தான் அதனுடையது."

தில்லைநாதன் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். குனிந்து, தாயின் பற்களுக்கு நடுவே இறுகியிருந்த கிளையை இழுத்தார். இரத்தமும் எச்சிலும் கையில் பிசுபிசுத்தன. நிமிர்ந்து, வெள்ளி எல்க் பதக்கத்துக்கு மேலே, நரைத்த தாடிக்கு நடுவே இருந்த வாய்க்கு நேராக அதைப் பிடித்தார்.

"நீயே தின்" என்றார்.

நெருப்பருகே உட்கார்ந்திருந்த செயலாளர் ஊன்னி, எந்தக் கூட்டத்திலும் கடமை தவறாதவர், மடியில் இருந்த குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பிறகு, எழுதியதைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி என்பதால், எழுந்து நின்று தெளிவான குரலில் வாசித்தார்:

"விடயம் ஏழு. உறுப்பினர் அல்லாத ஒருவர், தலைவர் கிளையைத் தின்னவேண்டும் என்று முன்மொழிந்தார். வழிமொழிய எவரும் இல்லாததால் முன்மொழிவு கைவிடப்பட்டது."

தில்லைநாதன் கிளையைக் கீழே போடாமல் நின்றார். வழிமொழியக்கூடிய இரண்டு பேரும் அவர் காலடியில், வயிறு திறந்தபடி கிடந்தார்கள்.